தொட்டுப் பாக்காம எழுதுன மாத்திரை

“என்ன மாத்திரைம்மா சாப்பிட்ட? பேரு தெரியுமா?”

“தெரியல சார். செவப்பும் மஞ்சளுமா ஒரு கேப்சூல். கூட வெள்ளையா ஒண்ணு.”

ஏழரை மாசத்தில் பனிக்குடம் உடைந்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன என் மதினியிடம் டாக்டர் கேட்ட கேள்வியும் மதினி சொன்ன பதிலும் இதுதான். பிள்ளை நாலு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. அஞ்சாம் நாள் காலையில் துணியில் சுற்றி எங்கள் கையில் கொடுத்தார்கள். அந்த டாக்டர் நல்ல மனுசர். உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னார். “பிள்ளைக்கு ரத்தத்துல கிருமி பரவிருச்சு. தாய் முன்னாடி என்ன மருந்து சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா, எந்த மருந்துக்குக் கேக்காத கிருமின்னு ஓரளவு ஊகிக்கலாம். பாதியில விட்ட மாத்திரை சோதனையவும் ஏமாத்தும். கிருமி இருக்கும், ஆனா ஆய்வகத்துல வளராது” என்றார்.

மதினிக்கு நாலாம் மாசத்திலிருந்தே நீர்க்கடுப்பு. முதல் தடவை ஒரு மெடிக்கலில் அட்டையை வெட்டி நாலு மாத்திரை கொடுத்தார்கள். ரெண்டு நாளில் எரிச்சல் நின்றது, மாத்திரையையும் நிறுத்தியாச்சு. ரெண்டாந்தடவை பக்கத்து வீட்டு அத்தை தனக்கு மிஞ்சியிருந்ததைக் கொடுத்தது. மூணாவது தடவை குளிர்காய்ச்சலோடு ஒரு தனியார் கிளினிக். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே “என்ன செய்யுது?” என்று கேட்டு எழுதிக் கொடுத்தார்களாம். மூத்திரம் சோதிக்கவில்லை. வயிற்றில் கை வைக்கவில்லை. “எந்தத் தெருன்னு கேட்டாக. சொன்னேன். அதுக்கப்புறம் தொட்டுப் பாக்கலப்பா” என்று மதினி சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

மாத்திரைதான் பிள்ளையைக் கொன்றது என்று எழுத நான் உட்காரவில்லை. அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. நீர்ப்பாதைத் தொற்றே குறைமாசப் பிரசவத்தைக் கொண்டுவரும். ஒழுங்காக வைத்தியம் பார்க்காத தொற்று மாத்திரையைவிடப் பொல்லாதது. நான் கேட்பது வேறு. ஒரு தலித் பெண்ணின் வயிற்றுக்குள் மூணு தடவை மருந்து போயிருக்கிறது. ஒரு தடவைகூட அந்த மருந்துக்குப் பெயர் இல்லை, நோய்க்கும் பெயர் இல்லை. இது எப்படி நடக்கிறது?

திருச்சுழி என்றால் உலகத்துக்கு 1879இல் ரமணர் பிறந்த ஊர். நான் இந்த உடம்பு இல்லை என்ற தத்துவத்தை வெள்ளைக்காரர்களும் தேடி வந்து கேட்டார்கள். அதே சீமையில் காட்டுவேலைக்குப் போகிற பெண்ணுக்கு உடம்புதான் முதல், உடம்புதான் கூலி. அந்த உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதிலிருந்துதான் நம்முடைய தத்துவம் தொடங்க வேண்டும்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, பரளச்சி, நரிக்குடி வரை வண்டியில் போய்ப் பாருங்கள். கரிசக்காடு, வறண்ட கம்மாய், இரண்டு பக்கமும் வேலிக்கருவை. குண்டாற்றில் மணல் தெரியும், தண்ணி தெரியாது. நம் காலனிகள் பெரும்பாலும் ஊருக்குக் கீழ்ப்புறம், சுற்றிலும் யாரோ ஒருவரின் பட்டா நிலம். பெண்கள் ஒதுங்க வேலிக்காடுதான். அதுவும் விடியுமுன், இல்லாவிட்டால் இருட்டினபின். பகலில் களையெடுக்கப் போனாலும் கரிமூட்டத்துக்கு விறகு சுமந்தாலும் ஒதுங்க மறைவு கிடையாது. நிலக்காரன் கண், அவன் வீட்டுப் பையன் கண். மில் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கக்கூசுக்குப் போகிற நேரத்துக்கும் கணக்கு. ஆகவே நம் பெண்கள் கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: தண்ணி குடிக்காமல் இருப்பது, வந்தால் அடக்குவது.

கர்ப்பத்தில் இது என்ன செய்யும்? கர்ப்ப காலத்தில் சிறுநீர்க் குழாய்கள் இயல்பாகவே தளர்ந்து விரியும், கருப்பை வளர்ந்து அழுத்தும், மூத்திரம் தேங்கும். தேங்கின இடத்தில் கிருமி பெருகும். குடலில் இருக்கும் ஈ. கோலை என்ற கிருமிதான் பெரும்பாலும் அங்கே ஏறுகிறது. பல பெண்களுக்கு எரிச்சல்கூட இல்லாமல் கிருமி மட்டும் இருக்கும். பார்க்காமல் விட்டால் ஒரு பகுதிப் பேருக்குச் சிறுநீரகத்துக்கே ஏறிவிடும். பிள்ளை எடை குறையும், குறைமாசத்தில் பிறக்கும். இதோடு ரத்தசோகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை.

ஆக இந்தத் தொற்று கிருமியால் மட்டும் வருவது இல்லை. கக்கூஸ் இல்லாததால் வருகிறது, தண்ணி இல்லாததால் வருகிறது, நிலம் இல்லாததால் வருகிறது. 2014க்குப் பிறகு கட்டிக்கொடுத்த கக்கூஸ்களில் தண்ணி இல்லாமல் விறகு அடுக்கிக் கிடப்பவை உங்கள் ஊரில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சாதி உண்டாக்கின நோய்க்கு நாலு மாத்திரையை வெட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நோய் திரும்ப வருகிறது, மாத்திரையும் திரும்ப வருகிறது. கிருமி மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெட்டிப்பட்டு வருகிறது.

இங்கே இரண்டு குரல்கள் குறுக்கே வருகின்றன. இரண்டையும் எதிர்கொள்ள வேண்டும்.

ஒரு குரல், ‘ஆன்டிபயாடிக் என்பதே விஷம், கர்ப்பிணி தொடவே கூடாது, நம் பாட்டிகள் மாத்திரை தின்றா பெற்றார்கள்’ என்கிறது. பசுமைக் கடைகளிலும் கைபேசிக் காணொளிகளிலும் இந்தப் ‘பாரம்பரியக்’ கதையாடல் நன்றாக விலைபோகிறது. 2018 ஜூலையில் திருப்பூரில் இணையக் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு இளம்பெண் செத்துப்போனார். நம் பாட்டிகள் எத்தனை பெற்றார்கள் என்பதைச் சொல்கிறவர்கள் எத்தனை புதைத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. எங்கள் அப்பத்தா ஒன்பது பெற்றது. நின்றது நாலு. நமக்குப் பாரம்பரியம் என்றால் சேரியும் சாவும்தான். இந்த ஏக்கத்தை நாம் வாங்கத் தேவையில்லை.

ஆன்டிபயாடிக் எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியது என்பதற்கு ஒரு சாட்சி போதும். சிபிலிஸ் என்ற மேகநோய் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். கரு கலையும், பிள்ளை செத்துப் பிறக்கும், ஊனமாகப் பிறக்கும். கர்ப்பப் பதிவின்போது எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, பிரசவத்துக்கு ஒரு மாசத்துக்கு முன்பாவது பென்சாத்தின் பென்சிலின் ஊசி போட்டால் பிள்ளை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். மலிவான, பழைய மருந்து. காசநோய்க்கும் இதே கதைதான். ‘மாசமா இருக்கா, மாத்திரை ஆகாது’ என்று மாமியார் சொல்லி மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால் ஆகியவை கர்ப்பத்திலும் கொடுக்கப்படுகின்றன. நிறுத்தினால்தான் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அந்தக் குடும்பத்தில் தள்ளிவைக்க வேண்டியது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை. அது வயிற்றுப் பிள்ளையின் காதைக் கெடுக்கும்.

இன்னொரு குரல், ‘எதுக்கும் ஒரு கோர்ஸ் போட்டு வைப்போம்’ என்கிறது. இது வெள்ளைச் சட்டை போட்ட குரல். இதற்கும் பதில் இருக்கிறது. குறைமாசத்தில் வலி வந்த பெண்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பிரசவம் தள்ளிப்போகுமா என்று பிரிட்டனை மையமாகக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பெயர் ஆரக்கிள். முடிவு 2001இல் வந்தது. பனிக்குடம் உடைந்தவர்களுக்கு எரித்ரோமைசின் கொடுத்ததில் பிள்ளைகளுக்கு நன்மை தெரிந்தது. ஆனால் கோ-அமாக்சிகிளாவ் வாங்கிய தாய்மாரின் பிள்ளைகளுக்குக் குடல் அழுகல் நோய் கூடியது. பனிக்குடம் உடையாமல் வெறும் வலி மட்டும் இருந்தவர்களுக்கு எந்த மருந்தும் பயன் தரவில்லை. அந்தப் பிள்ளைகளை ஏழு வயதில் திரும்பப் பார்த்து 2008இல் எழுதினார்கள். எரித்ரோமைசின் வாங்காத தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 1.7 பேருக்கு மூளைவாதம், வாங்கியவர்களின் பிள்ளைகளில் 3.3 பேருக்கு. தொற்று இல்லாத இடத்தில் ‘எதுக்கும்’ போட்ட மருந்தின் கணக்கு இது. ஒரே மருந்து, ஒரு நிலையில் காக்கிறது, இன்னொரு நிலையில் கெடுக்கிறது. எந்த நிலை என்று சொல்ல ஒரு வழிதான் உண்டு: தொட்டுப் பார்க்க வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும்.

2023இல் இன்னொரு முடிவு வந்தது. நம் நாட்டின் நாக்பூர், பெல்காம் உட்பட ஏழு நாடுகளில் 29,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனை. இயல்புப் பிரசவத்துக்காகக் காத்திருந்தவர்களுக்குப் பிரசவ வலியின்போது அசித்ரோமைசின் 2 கிராம் ஒரே தடவை கொடுத்தார்கள். தாய்க்கு ரத்தத் தொற்றோ சாவோ வருவது நூற்றுக்கு 2.4இலிருந்து 1.6ஆகக் குறைந்தது. இது சின்ன விசயம் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா? ஏழு நாடும் ஏழை நாடுகள்தான் என்பதைக் கவனியுங்கள். சுத்தமான பிரசவ அறை, போதுமான நர்சுகள், கை கழுவத் தண்ணி இவற்றைக் கொடுப்பதைவிட ஒரு மாத்திரை மலிவு. மாத்திரையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மாத்திரையைக் காட்டி மற்றதை மறுத்துவிடக் கூடாது என்கிறோம்.

ஏனென்றால் மற்றது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி சாட்சி. அங்கே மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை பச்சிளம் பிள்ளைகளைப் பார்த்து எழுதிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. கிருமித்தொற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிறந்து மூன்று நாளுக்குள் வந்தவை. கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், ஈ. கோலை. பல மருந்துகளுக்குக் கேட்காத கிருமிகள். ரத்தத்தில் கிருமி உறுதியான பிள்ளைகளில் ஏறக்குறைய பாதி பிழைக்கவில்லை. பிறந்து மூணு நாள் ஆன பிள்ளை எந்த மெடிக்கலில் போய் மாத்திரை வாங்கித் தின்றது? அதன் கிருமி தாயிடமிருந்தும் பிரசவ அறையிலிருந்தும் கழுவாத கையிலிருந்தும் வந்தது. நாம் எல்லோரும் சேர்ந்து பழக்கிவிட்ட கிருமியோடு அந்தப் பிள்ளை முதல் நாளே மோதுகிறது.

பிள்ளையின் குடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறக்கும்போதும் பால் குடிக்கும்போதும் தாயிடமிருந்து நல்ல நுண்ணுயிர்கள் பிள்ளையின் குடலில் குடியேறுகின்றன. தாய்க்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் அந்தக் குடியேற்றத்தை மாற்றும். பின்னாளில் ஆஸ்துமா வரும், உடல் பருக்கும் என்று சில ஆய்வுகள் தொடர்பு காட்டுகின்றன. ஆனால் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது அந்தத் தொடர்பு பெரும்பாலும் மெலிந்துபோகிறது. இதை வைத்துத் தாய்மாரைப் பயமுறுத்த வேண்டியதில்லை. பயத்தில் செய்கிற தப்பு வேறொன்று இருக்கிறது. ‘தாய் மாத்திரை சாப்பிடுறா, பாலக் குடுக்காதே’ என்று நிறுத்திவிட்டுச் சீனித் தண்ணியும் புட்டிப்பாலும் ஊற்றுகிறார்கள். தாய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளோடு தாய்ப்பால் கொடுக்கலாம். அந்தக் குடலைச் சரிசெய்கிற முதல் மருந்தே சீம்பால்தான்.

இப்போது ஆபரேசன் பிரசவத்துக்கு வருவோம். அதே 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 ஆபரேசன். தனியாரில் 63க்கும் மேலே. கத்தி வைப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை ஆன்டிபயாடிக் போடுவது புண் சீழ்ப்பிடிக்காமல் காக்கும். அது தேவை. தொற்று எதுவும் இல்லாமலேயே அஞ்சு நாள், ஏழு நாள் என்று இழுப்பதற்கு ஆதாரம் இல்லை. அது பெரும்பாலும் வார்டின் சுத்தத்தின் மேல் நம்பிக்கை இல்லாததால் எழுதப்படுகிற மருந்து. வார்டைச் சுத்தம் செய்கிறவர்கள் யார்? அவர்களும் நம் சனம்தான், ஒப்பந்தக் கூலியில். அவர்களுக்குக் கையுறையும் நிரந்தர வேலையும் ஒழுங்கான சம்பளமும் கேட்பது பிள்ளைகளின் உயிருக்காகக் கேட்பதும் ஆகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2014 மார்ச் 1 முதல் ‘எச்1’ என்ற அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. வீரியமான பல ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் நோயாளியின் பெயர், டாக்டரின் பெயர், மருந்து, அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். 2016இல் அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தைச் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று பிரச்சாரம் செய்தார்கள். நல்லது. ஆனால் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது கோடும் வெட்டுப்படுகிறது, பெயரும் வெட்டுப்படுகிறது. பகல் கூலியை விட்டு, பஸ் பிடித்து, வரிசையில் நின்று டாக்டரைப் பார்க்க முடியாதவள்தான் மெடிக்கலுக்குப் போகிறாள். சட்டத்தைக் காட்டிக் கடையை மட்டும் மூடினால் அவளுக்கு இருந்த கடைசிக் கதவும் மூடும். கிராமத்துக்கு டாக்டரையும் சோதனையையும் கொண்டுவராமல் சட்டம் மட்டும் வந்தால் அது நம் மேல்தான் விழும்.

முடியாது என்று சொல்கிறவர்களுக்கு மகாராஷ்டிராவின் கட்சிரோலியைக் காட்டுங்கள். பழங்குடிகள் நிறைந்த காட்டு மாவட்டம். அங்கே டாக்டர் அபய் பங், ராணி பங் இருவரும் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு போய்ப் பிள்ளையை எடை போட்டார்கள், மூச்சை எண்ணினார்கள், சூட்டைப் பார்த்தார்கள். ரத்தத் தொற்றின் அடையாளம் கண்டால் ஜென்டாமைசின் ஊசியும் கோ-டிரைமாக்சசோலும் கொடுத்தார்கள். பச்சிளம் பிள்ளைகளின் சாவு 62 சதவீதம் குறைந்தது. 1999இல் ‘லான்செட்’ அதை வெளியிட்டது. குறைவாகப் படித்த கிராமத்துப் பெண்கள் ஆன்டிபயாடிக்கை ஒழுங்காகக் கையாண்டார்கள். அவர்கள் பிள்ளையைத் தொட்டார்கள். வித்தியாசம் அங்கேதான்.

‘மருத்துவம் வேறு, சாதி ஒழிப்பு வேறு, இயக்கத்துக்கு இதெல்லாம் எதற்கு’ என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்பார்கள். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும், அது நாட்டின் நலன், முதலாளி அதன் சுமையைத் தாங்க வேண்டும் என்று வாதாடினார். அடுத்த ஆண்டு அது சட்டமானது. மகாடில் குளத்துத் தண்ணியைத் தொட்டது 1927. தண்ணிக்கும் தாய்மைக்கும் இடையில் அவருக்கு ஒரு வருட இடைவெளிதான் இருந்தது. நமக்கு ஏன் இவ்வளவு தூரம்?

செய்ய வேண்டியவை சில:

ஒன்று. ஒவ்வொரு கர்ப்பிணியும் வாங்குகிற ஒவ்வொரு மாத்திரையின் பெயரும் தமிழில் எழுதி வாங்கப்பட வேண்டும். காலி அட்டையைத் தாய்சேய் அட்டைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாணவத் தோழர்கள் தங்கள் தெருவிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டு. சிறுநீர்ச் சோதனை என்றால் உப்பும் சர்க்கரையும் மட்டும் என்று விட்டுவிடக் கூடாது. கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்குச் சிறுநீரை வளர்த்துப் பார்க்கும் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே பரிந்துரைத்துவிட்டது. விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மாதிரியை அங்கே கொண்டுபோக ஒரு பெட்டியும் வண்டியும் போதும்.

மூன்று. மாசமாக இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள். டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் பிள்ளையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும். கோ-டிரைமாக்சசோல் முதல் மூணு மாசத்திலும் கடைசி வாரங்களிலும் ஆகாது. பென்சிலின், அமாக்சிசிலின், செஃபலெக்சின் நெடுங்காலமாகக் கர்ப்பத்தில் கொடுக்கப்பட்டு வருபவை. எது வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்யட்டும். எதற்காக என்று கேட்கிற உரிமை நம்முடையது. தொடங்கினால் சொன்ன நாள் வரை முடிக்க வேண்டும். மிஞ்சியதைப் பங்குவைக்கக் கூடாது.

நான்கு. வேலை நடக்கும் இடத்தில் பெண்களுக்கு மறைப்பும் தண்ணியும் இல்லாமல் வேலை இல்லை. இதைக் கூலிக் கோரிக்கையோடு சேர்த்து வையுங்கள். காலனிக் கக்கூசுக்குத் தண்ணிக் குழாய் கேட்பதும் மருத்துவக் கோரிக்கைதான்.

ஐந்து. தொட்டுப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தால், “தொட்டுப் பாத்து எழுதுங்க” என்று அங்கேயே கேட்க வேண்டும். தனியாகக் கேட்பது கஷ்டம். ரெண்டு பேராகப் போங்கள்.

மதினி மறுபடி மாசமானபோது நான் கூடப் போனேன். மூத்திரத்தைச் சோதிக்கச் சொன்னோம். கிருமி இருந்தது. ஏழு நாள் மாத்திரை, பெயர் எழுதி வாங்கினோம், ஏழு நாளும் முடித்தோம். மறுபடி சோதித்தோம். நர்சம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்து, “பிள்ள நல்லா ஒதைக்குது தாயி” என்றார். மாசம் நிறைந்து பிறந்த பெண்பிள்ளை. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. மதினி அந்தக் காலி அட்டையை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறது. வேலிக்காட்டுக்கு விடியுமுன் போவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. அடுத்த போராட்டம் அதுக்குத்தான்.